வெட்டியவன் கட்டிய பாலம்

இங்கிலாந்து போய் வந்தவர்களின் ஆல்பத்தில் சில போட்டோக்கள் கட்டாயம் இருக்கும். பிக் பென் கடிகாரத்தை உள்ளங்கையில் தாங்குவது போல் ஒன்று. லார்ட்ஸ் மைதானத்து வாசலில் மட்டை இல்லாமல் சிக்ஸர் அடிப்பது போல் ஒன்று. சிவப்பு டெலிபோன் கூண்டுக்குள் நின்று யாரிடமோ ரொம்ப முக்கியமாகப் பேசுவது போல் ஒன்று.

என்னிடம் இருப்பது ஒரு பாலத்தின் போட்டோ. 'லண்டன் பிரிட்ஜா?' என்று ஆவலாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். பாலத்துக்கு மேலே புல். கீழேயும் புல். இடது பக்கம் வயல், வலது பக்கமும் வயல். மேலே ஓர் ஆட்டுக்குட்டி, கீழே வளைவுக்குள் அதன் அம்மா. தண்ணீர்? மருந்துக்குக்கூடக் கிடையாது.

பார்த்த நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஆறும் இல்ல, ரோடும் இல்ல. அப்புறம் எதுக்குப்பா பாலம்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல 1792-ம் வருஷத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் ப்ரெஸ்டன் வரை ஒரு நடை போய் வந்துவிடலாம்.

ஏரிக்கு முதுகைக் காட்டி...

லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துப் பக்கம் ஓடும் ரயில் பாதையில் ப்ரெஸ்டன், லங்காஸ்டர், ஆக்ஸன்ஹோம் என்று வடக்கு நோக்கி ஸ்டேஷன்கள் வரும். ப்ரெஸ்டனில் என் அக்கா வீடு. அத்தான் பல வருஷமாக அங்கேதான் இருக்கிறார். 'குளிருது' என்பதைத் தவிர அந்த ஊரைப் பற்றி வேறு குறை சொல்ல மாட்டார். அந்த ஒன்றை நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஆக்ஸன்ஹோமில் இறங்கி, குட்டி ரயில் ஒன்றில் மாறி ஏறினால் ஐந்தே நிமிஷத்தில் கெண்டல். அந்த ரயிலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் முதுகுப் பை, மழைக் கோட்டு, மலையேறும் பூட்ஸ் சகிதமாக விண்டர்மியர் ஏரிக்குப் போகிறவர்கள். ஏரிகளுக்கும் மலைகளுக்கும் பேர் போன பிரதேசம் கெண்டலைத் தாண்டியதும் ஆரம்பமாகிறது. நாங்கள் இருவர் மட்டும் கெண்டலில் இறங்கி, ஏரிக்கு முதுகைக் காட்டித் தெற்கே திரும்பினோம்.

"உலகமே ஏரியப் பாக்கப் போவுது. நீ என்னடான்னா காஞ்ச வாய்க்காலப் பாக்கக் கூட்டிட்டுப் போறே. உங்க அக்கா கேட்டா என்ன சொல்றது மாப்ளே?"

"சரித்திரம் பாத்தோம்னு சொல்லுங்க அத்தான்."

"நம்ம கல்யாணமே சரித்திரமாயிடுச்சு, அதப் பாத்தா போதாதான்னு கேப்பா."

கெண்டலுக்கு வருகிறவர்கள் வாங்க வேண்டியது 'கெண்டல் மிண்ட் கேக்'. கேக் என்று நம்பிக் கடித்தால் பல் போய்விடும். சர்க்கரைப் பாகில் பெப்பர்மிண்ட் எண்ணெய் விட்டுக் கட்டியாக வார்த்த வெள்ளைப் பாளம் அது. நம் ஊர் பெப்பர்மிண்ட் மிட்டாய்க்குப் பெரியண்ணன். 1953-ல் ஹிலாரியும் டென்சிங்கும் எவரெஸ்டில் ஏறியபோது இதுவும் கூடவே போயிருக்கிறது. எவரெஸ்டுக்கே தாங்கியது எங்களுக்குத் தாங்காதா? ஒரு கட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தோம்.

கெண்டலில் கால்வாய் முடிந்த இடத்துக்கு இன்றைக்கும் 'கேனல் ஹெட்' என்றுதான் பெயர். பெயர்தான் மிச்சம். கால்வாயை மண் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பாதை இருக்கிறது. ஊருக்குள்ளேயே 'சேஞ்ச் லைன்' என்று ஒரு பாலம் வரும். அந்தக் காலத்தில் கரையோரமாகக் குதிரை நடக்கும். அது கயிறு கட்டி இழுக்கப் படகு பின்னாலேயே வரும். குதிரைப் பாதை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறுகிற இடத்தில் என்ன செய்வது? கயிற்றை அவிழ்க்காமலே குதிரை ஏறி இறங்கிப் போகிற மாதிரி பாலத்தை வளைத்துக் கட்டுவார்கள். அந்த ஜாதிப் பாலம் இது. டிராஃபிக் இன்ஜினீயர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

ஊரைத் தாண்டினால் நாட்லண்ட் கிராமத்து வயல்கள். பாதையில் தார் போய் மண் வருகிறது. வேலியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூ. கால்வாய் இருந்த இடம் சில இடங்களில் ஆழமில்லாத பள்ளமாகத் தெரிகிறது. சில இடங்களில் அந்தப் பள்ளமும் இல்லை, வயலோடு வயல். அப்படி ஒரு வயலின் நடுவில், முன்னறிவிப்பே இல்லாமல் நிற்கிறது பாலம்.

வீடு இடிந்து போய்க் கதவு நிலை மட்டும் நின்றால் எப்படி இருக்கும், அப்படி.

சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல். ஒட்டகத் திமில் மாதிரி நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிறது. இடுப்புயரத்துக்குக் கைப்பிடிச் சுவர். அகலம், ஒரு வைக்கோல் வண்டி போகிற அளவு. எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும்.

அத்தான் பாலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மாப்ளே, இத சுத்திக்கிட்டே போயிடலாமே. எதுக்கு மேல ஏறணும்?"

"ஆடு ஏறுதே அத்தான்."

"அது ஆடு. நான் ஏன் ஏறணும்?"

அவர் கேட்டதும் நண்பர்கள் கேட்டதும் ஒரே கேள்விதான்.

ஒரே ஒரு விவசாயிக்காக

இந்த மாதிரிப் பாலத்துக்கு இங்கிலீஷில் 'அக்காமடேஷன் பிரிட்ஜ்' என்று பெயர். அக்காமடேஷன் என்றதும் நமக்கு லாட்ஜும் டபுள் ரூமும் ஞாபகம் வரும். இது வேறு. 'உனக்கு நான் செய்கிற இடைஞ்சலைச் சரிக்கட்டித் தருகிறேன்' என்று அர்த்தம்.

உங்களுக்கு ஒரு பத்து ஏக்கர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (வைத்துக்கொள்வதில் என்ன கஞ்சத்தனம், இருபதாகவே இருக்கட்டும்). இந்தப் பக்கம் வீடும் மாட்டுக் கொட்டகையும். அந்தப் பக்கம் மேய்ச்சல் நிலம். ஒரு நாள் கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர் வரைபடத்தோடு வந்து, 'நடுவாலே கால்வாய் வெட்டப் போகிறோம், பார்லிமெண்டில் சட்டம் பாஸாகிவிட்டது' என்கிறார். நிலத்துக்குப் பணம் தருவார்கள், சரி. ஆனால் மாடு? காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பால் கறக்க அது வீட்டுப் பக்கம் வந்தாக வேண்டுமே? கால்வாய்க் கரையில் வந்து நின்று 'ம்மா' என்றால் படகுக்காரன் ஏற்றிக்கொண்டு வருவானா?

இதை அந்தக் காலத்துச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். கால்வாய்க் கம்பெனிகளுக்கு நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரம் கொடுத்த அதே சட்டங்களில் ஒரு ஷரத்தும் இருக்கும். யாருடைய நிலத்தை இரண்டாக வெட்டுகிறாயோ, அவன் போய் வரப் பாலம் கட்டிக் கொடு. கட்டுகிற செலவும் உன்னுடையது, பராமரிக்கிற செலவும் உன்னுடையது. இல்லையென்றால் துண்டான நிலத்தையும் வாங்கிக்கொள், அல்லது நஷ்ட ஈடு கொடுத்து அவனைத் திருப்திப்படுத்து.

நான் பி.காம். எனக்கு இன்ஜினீயரிங் தெரியாது, ஆனால் இது புரிகிறது. கம்பெனிக்கு இந்தப் பாலத்தால் ஒரு பென்னி வருமானம் கிடையாது. சுங்கம் வசூலிக்க முடியாது. லங்காஸ்டர் கால்வாயில் ப்ரெஸ்டனிலிருந்து பாலங்களுக்கு எண் போட்டுக்கொண்டே வந்தால் கெண்டல் பக்கத்தில் எண் 180-ஐத் தாண்டுகிறது. அவற்றில் ஏராளமானவை இந்த மாதிரி வயல் பாலங்கள். லார்க்ரிக் ஹால் பாலம், நாட்லண்ட் ஹால் பாலம் என்று பக்கத்துப் பண்ணைகளின் பெயரிலேயே நிற்கின்றன. பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் ஒரே ஒரு கால்வாய். கடன் பக்கம், நிலம் போனவர்களுக்கெல்லாம் கொடுத்த வாக்கு.

ஆள் பெரிய ஆளாக இருந்தால் பாலமும் பெரிசாகும். ஸ்டாஃபர்டுஷயரில் ப்ரூவுட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் வழியாகக் கால்வாய் போக வேண்டியிருந்தது. அங்கே தாமஸ் டெல்ஃபோர்டு அழகழகான கல் தூண் வரிசையோடு ஓர் அலங்காரப் பாலம் கட்டிக் கொடுத்தார். பெயர் அவென்யூ பிரிட்ஜ். மாளிகைக்குப் போகிற சாரட்டுக்குத் தூண் வரிசை, மாட்டுக்கு மொட்டைக் கைப்பிடிச் சுவர். இந்த விஷயத்தில் எல்லா ஊரும் ஒரே ஊர்தான்.

நாலு லட்சம் பவுன் கனவு

1790-களில் இங்கிலாந்துக்குக் கால்வாய்ப் பைத்தியம் பிடித்திருந்தது. அந்தக் காலத்து ஷேர் மார்க்கெட் மோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்வாய் வெட்டுகிறோம் என்று யாராவது மேஜை போட்டு உட்கார்ந்தால் போதும், பணத்தோடு க்யூ நிற்கும். லங்காஸ்டர் கால்வாய்க்கான சட்டம் 1792-ல் பாஸாயிற்று. திரட்ட அனுமதித்த மூலதனம் நாலு லட்சம் பவுனுக்கு மேல். இன்ஜினீயர் ஜான் ரென்னி. சாமானிய ஆள் இல்லை. பின்னால் லண்டனில் வாட்டர்லூ பாலத்தைக் கட்டியவர்.

லங்காஸ்டர் அருகே லூன் நதியைக் கால்வாய் தாண்ட வேண்டும். ரென்னி ஒரு தொட்டிப் பாலம் கட்டினார். நம்ம மாத்தூர் தொட்டிப் பாலம் மாதிரி, ஆற்றுக்கு மேலே தண்ணீர் போகிற பாலம். 664 அடி நீளம், 5 வளைவு. இன்றைக்கும் அதில் படகு போகிறது. செலவு 48 ஆயிரம் பவுனைத் தாண்டியது. இதற்குள் 1793-ல் பிரான்ஸோடு சண்டை வந்து, விலைவாசி ஏறி, பணம் முடை. ப்ரெஸ்டனில் ரிபிள் நதிக்கு மேலே கட்டத் திட்டமிட்ட இன்னொரு தொட்டிப் பாலம் காகிதத்தோடு நின்றுபோனது. அதற்குப் பதிலாக 1803-ல் 'தற்காலிகமாக' ஒரு டிராம் பாதை போட்டார்கள். படகிலிருந்து சரக்கை இறக்கி, குதிரை இழுக்கும் வண்டியில் ஏற்றி, ஐந்து மைல் போய் மறுபடி படகில் ஏற்ற வேண்டும். அந்தத் 'தற்காலிகம்' அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. மற்ற கால்வாய்களோடு இதற்குத் தண்ணீர் வழியாகவே தொடர்பு கிடைத்தது 2002-ல்! பக்கத்து மேஜைக்கு ஃபைல் போக ஆறு மாதமாகிறது என்று இனிமேல் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

ப்ரெஸ்டனிலிருந்து ட்யூவிட்ஃபீல்டு வரை 1797-ல் திறந்தார்கள். 41 மைலுக்கு ஒரு படிகூட ஏறாமல், நிலத்தின் மேடு பள்ளத்தை ஒட்டி வளைந்து வளைந்து ஒரே மட்டத்தில் போகிறது. அதற்கு வடக்கே கெண்டல் வரை 14 மைல் வெட்டி முடிக்க 1819 ஆகிவிட்டது. ட்யூவிட்ஃபீல்டில் 8 லாக், படகு ஏறுவதற்கான தண்ணீர் மாடிப்படிகள், அமைத்துச் சுமார் 75 அடி உயர்த்தினார்கள். ஹின்காஸ்டரில் 378 கெஜ நீளத்துக்கு ஒரு சுரங்கம். உள்ளே குதிரைக்கு இடமில்லை. அதை அவிழ்த்து மலை மேலே நடத்திக் கூட்டிப்போவார்கள். குதிரை அந்தப் பக்கம் போய்ப் புல் மேய்ந்துகொண்டிருக்கும். படகுக்காரர்கள் இருட்டுக்குள் கையாலும் காலாலும் தங்கள் படகைத் தாங்களே நகர்த்திக்கொண்டு வந்து சேருவார்கள். அரை மணி இடைவேளை வேலைக்காரனுக்கு இல்லை, குதிரைக்கு.

தெற்கேயிருந்து வடக்கே நிலக்கரி, வடக்கேயிருந்து தெற்கே சுண்ணாம்புக் கல். அதனால் இதற்குக் 'கறுப்பு வெள்ளைக் கால்வாய்' என்று செல்லப் பெயர். செட்ஜ்விக் பக்கத்து ஆலைகளிலிருந்து வெடிமருந்தும் போனது. பயணிகளும் போனார்கள். 1820-ல் ப்ரெஸ்டனிலிருந்து கெண்டலுக்குப் படகில் 14 மணி நேரம். 1833-ல் 'வாட்டர் விட்ச்' என்று ஓர் எக்ஸ்பிரஸ் படகு விட்டார்கள். ஒல்லியான உடம்பு, வழியெல்லாம் குதிரை மாற்றம். 57 மைலைச் சுமார் 7 மணி நேரத்தில் கடந்தது. 'தண்ணீர்ச் சூனியக்காரி' என்ற பெயர் சும்மா வரவில்லை.

வாட்டர் விட்ச் பறந்து வரும்போது வயல் பாலங்களின் மேலே நின்று வேடிக்கை பார்த்திருப்பான், பால் கறக்க மாட்டை ஓட்டி வந்த ஒரு பையன். அவனுக்குப் பாலம் பால்கனி டிக்கெட்.

கல் எப்படி நிற்கிறது?

பாலத்துக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பாருங்கள். ஆப்பு மாதிரி ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகலாகச் செதுக்கிய கற்கள். முதலில் மரத்தால் வளைவாகச் சாரம் கட்டி, இரண்டு பக்கமிருந்தும் கல் அடுக்கிக்கொண்டே வந்து, உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கிச் செருகுவார்கள். பிறகு சாரத்தைப் பிரிப்பார்கள். அந்த நிமிஷத்தில் எல்லாக் கல்லும் கீழே விழப் பார்க்கும். ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, ஒன்றும் விழ முடியாமல் மாட்டிக்கொள்ளும். மேலே பாரம் ஏற ஏற இன்னும் இறுக்கம். வைக்கோல் வண்டிக்காகக் கட்டிய வளைவு டிராக்டரையும் தாங்குகிற ரகசியம் இதுதான்.

நடுவில் ஏன் திமில்? கரை தாழ்வு. கீழே சரக்குப் படகும் போக வேண்டும், குதிரையும் தலை இடிக்காமல் போக வேண்டும். ஆகவே பாலம்தான் உயர்ந்து கொடுக்க வேண்டும். கால்வாய் ஏன் பாலத்தின் கீழே மட்டும் குறுகுகிறது? கல் வேலைக்கு அடிக்கு இவ்வளவு என்று காசு. ஒரு படகும் குதிரைப் பாதையும் போகிற அளவு போதும் என்று கம்பெனி கணக்குப் போட்டது. எதிர்ப்படகு காத்திருக்கட்டும்!

இந்தக் காலத்துப் பழைய கால்வாய்ப் பாலங்களில் வளைவின் ஓரக் கல்லைத் தடவிப் பார்த்தால் சில இடங்களில் பள்ளம் பள்ளமாகக் கோடுகள் தட்டுப்படும். யாரும் செதுக்கியதில்லை. படகை இழுத்த கயிறு, மணலும் ஈரமுமாக வருஷக்கணக்கில் உரசி உரசிக் கல்லை அறுத்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதற்கு அங்கே கயிறே சாட்சி.

போனவையும் நின்றவையும்

1840-ல் ப்ரெஸ்டனுக்கும் லங்காஸ்டருக்கும் ரயில் வந்தது. அப்புறம் நடந்ததுதான் கூத்து. படகோடு கட்டணப் போட்டியில் ரயில் கம்பெனி திணற, 1842-ல் கால்வாய்க் கம்பெனியே ரயிலைக் குத்தகைக்கு எடுத்துவிட்டது! மாட்டு வண்டிக்காரர் பஸ் கம்பெனியை வாங்கியது போல. ஆனால் அது கொஞ்ச நாள் சந்தோஷம். 1864-ல் கால்வாயின் வடக்குப் பகுதியையே ஒரு பெரிய ரயில் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. 1885-ல் மொத்தமாக வாங்கியது. 1948-ல் அரசுடைமை. கை மாறும்போதெல்லாம் கால்வாயோடு பாலங்களும், அவற்றைக் கட்டிக் காக்கும் தலைவலியும் சேர்ந்தே மாறின.

கெண்டல் பக்கத்துத் தரை சுண்ணாம்புப் பாறை, நிறைய வெடிப்பு. கால்வாய்த் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. கெண்டல் காஸ் தொழிற்சாலைக்குப் போன நிலக்கரி 1944-ல் நின்றது. 1947-ல் கால்வாயில் சரக்குப் போக்குவரத்தே முடிந்தது. 1955-ல் சட்டப்படி மூடுவிழா. ஸ்டெயின்டனிலிருந்து கெண்டல் வரை கடைசி ஐந்தாறு மைல் வறண்டது. 1960-களின் கடைசியில் எம்-6 நெடுஞ்சாலை வந்தபோது கால்வாயை வெட்டிக்கொண்டு போயிற்று. தண்ணீர் குழாய்க்குள் போனது, படகுக்கு வழி இல்லை. ட்யூவிட்ஃபீல்டு லாக்குகள் எட்டும் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே, கதவில்லாமல், லாரிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். எந்தெந்த இடத்தில் முக்கியமான ரோடு கால்வாயைத் தாண்டியதோ, அங்கெல்லாம் கல் பாலத்துக்கு ஆபத்து வந்தது. லாரிக்குத் திமில் ஆகாது. ரோட்டை அகலமாக்கு, மட்டமாக்கு, கீழே குழாயைப் பதி. செட்ஜ்விக் கிராமத்துக்கும் ஹின்காஸ்டருக்கும் நடுவே ஏ-590 சாலை கால்வாயின் தடத்தையே துண்டித்துவிட்டது.

வயல் பாலத்தை யார் தொடுவார்கள்? அதை அகலப்படுத்த எந்த மந்திரிக்கும் மனு வரவில்லை. இடிப்பதற்குக்கூடச் செலவு செய்யணுமே! ஆடும் மாடும் போய் வந்தன. பாலம் நின்றது. இன்று அவற்றில் பலவும் பாதுகாக்கப்பட்ட புராதனக் கட்டடப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் இருக்கின்றன. ஆபீஸில் ரொம்பப் பளிச்சென்று இருக்கிற சீட்டுக்குத்தான் டிரான்ஸ்பர் வரும், மூலை மேஜைக்காரர் அங்கேயே ரிடையர் ஆவார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே?

கம்பெனி கனவு கண்ட கால்வாய் இந்தப் பக்கம் போய்விட்டது. கம்பெனியும் போய்விட்டது. ஷேர் வாங்கியவர்கள், விற்றவர்கள், லாபம் பார்த்தவர்கள், நஷ்டத்தில் நகத்தைக் கடித்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வருமானமே தராது என்று தெரிந்து, வேண்டா வெறுப்பாகக் கட்டிக் கொடுத்த பாலம் மட்டும் வாக்குத் தவறாமல் நிற்கிறது. என் கணக்கு வாத்தியார் இதைப் பார்த்தால் எந்தத் தலைப்பில் எழுதுவார் என்று தெரியவில்லை.

நம் ஊருக்கும் வந்தது

இது ஏதோ வெள்ளைக்கார ஊர் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கால்வாய்க்குப் பின்னால் ரயில் வந்தபோது இதே கடமையை ரயில் கம்பெனிகள் தலையிலும் 1845-ல் பொதுச் சட்டமாகவே ஏற்றினார்கள். அங்கேயிருந்து இங்கே வந்தது. 1890-ம் வருஷத்து இந்திய ரயில்வே சட்டத்தில் 11-வது பிரிவு. இப்போது நடப்பில் உள்ள 1989-ம் வருஷத்துச் சட்டத்தில் 16-வது பிரிவு. ரயில் பாதை போட்டதால் பக்கத்து நிலக்காரனுக்கு ஏற்படும் தடையைப் போக்க, கடக்கும் வழி, பாலம், மதகு எல்லாம் ரயில்வேதான் செய்து தர வேண்டும். இங்கிலீஷில் அதற்குத் தலைப்பு, அதே 'அக்காமடேஷன் வொர்க்ஸ்'.

ஆகவே அடுத்த தடவை ஊருக்கு ரயிலில் போகும்போது ஜன்னலோரம் கிடைத்தால் கவனியுங்கள். தண்டவாள மேட்டின் அடியில் சில இடங்களில் குட்டிப் பாலம் ஒன்று வரும். ஆறு இருக்காது, ஓடை இருக்காது. ஒரு மாடு நிழலுக்குப் படுத்திருக்கும், அல்லது ஒருவர் தலையில் புல்லுக்கட்டோடு குனிந்து நுழைந்துகொண்டிருப்பார். அவர் லங்காஸ்டர் கால்வாயைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் இரண்டு பாலமும் ஒரே வம்சம். வெட்டியவன்தான் சேர்த்தும் கொடுக்க வேண்டும் என்பது அந்த வம்சத்தின் தர்மம்.

நாங்கள் செட்ஜ்விக் வரை நடந்தோம். அங்கே கிராமத் தெருவுக்கு மேலே ஒரு தொட்டிப் பாலம், சற்றுச் சாய்வாகக் குறுக்கே போகிறது. தொட்டிக்குள் தண்ணீர் இல்லை, புல்தான். படி வழியாகத் தெருவுக்கு இறங்கும் முன், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு மிண்ட் கேக்கை உடைத்தோம். அத்தான் ரொம்ப நேரமாக எதுவும் பேசவில்லை. குளிருகிறது என்றுகூடச் சொல்லவில்லை.

"எங்க அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரிச்சாங்கல்ல..." என்றார் திடீரென்று.

"ஆமா, அக்கா சொல்லியிருக்கா."

"கிணறு அந்தப் பக்கம் போயிடுச்சு. நடுவுல முள்வேலி. நாலு பெரிய மனுஷங்க உக்காந்து, அளந்து, கல்லு நட்டு, எல்லாம் சரியாத்தான் செஞ்சாங்க. ஒரு படல் வெக்கணும்னு மட்டும் ஒருத்தருக்கும் தோணல மாப்ளே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அளக்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். படல் வைக்கச் சொல்கிறவர்தான் வேண்டும்.

இந்தக் கால்வாயை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும் என்று 1963-லிருந்து ஒரு சங்கம் போராடிக்கொண்டிருக்கிறது. உறுப்பினர்கள் லீவு நாளில் மண்வெட்டி பிடிக்கும் தன்னார்வலர்கள். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வெள்ளம் ஸ்டெயின்டன் தொட்டிப் பாலத்தை உடைத்தது. அதையும் பழுது பார்த்தாயிற்று. வறண்ட பகுதிக்குத் தண்ணீர் திரும்ப வேண்டுமானால் நெடுஞ்சாலையைத் தாண்ட வழி கண்டுபிடிக்க வேண்டும், ஒழுகாமல் தரை போட வேண்டும், எக்கச்சக்கமாகப் பணம் வேண்டும். அவர்கள் கவலைப்படத் தேவையில்லாத அயிட்டம் ஒன்று உண்டென்றால் அது இந்த வயல் பாலங்கள்தான். தண்ணீர் வந்தால் வரட்டும் என்று அவை தயாராக நிற்கின்றன.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கெண்டலிலிருந்து செட்ஜ்விக் வரை நிதானமாக நடந்தால் அரை நாள். வெயில் அடித்தாலும் மழைக் கோட்டு எடுத்துப் போங்கள். அந்த ஊர் வானத்துக்கு வாக்குச் சுத்தம் போதாது. வயல் கேட்டைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள். பாலத்தின் மேல் ஆடு வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள். பாலம் அதற்காகக் கட்டியது. நாமெல்லாம் விருந்தாளிகள்.